அக்கம்பக்கத்துக்குப் பத்து மார்க்

கேட்டை யாரோ மூன்று முறை தட்டினார்கள். வீட்டை விற்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த ரகுநாத் நாற்காலியை விட்டு அசையவில்லை. இந்தத் தட்டல் அவருக்குப் புதிதல்ல. அங்கே, ஐந்தாவது மாடியில், கேட்டே இல்லாத வீட்டிலும் நடுமத்தியானத்தில் கேட்கும்.

"சார், வீடு பாக்க வந்திருக்கேன்!" என்று ஆண்குரல் வந்தபிறகுதான் போன உயிர் திரும்பியது. ஓடிப்போய்த் திறந்தார்.

வந்தவன் பாலாஜி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. உலகம் இன்றோ நாளையோ கவிழ்ந்துவிடும் என்று முடிவுகட்டி, ஒரு வருஷம் வெளியே தலைகாட்டாமல் பிழைக்க இடம் தேடி மாவட்டம் முழுக்க அலைகிறான். கையில் ஒரு பட்டியல், மொத்தம் நூறு மார்க். குளத்தூர்ப் பக்கம் பார்த்த தோட்டத்தை முப்பது மார்க்கில் ஃபெயிலாக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தான்.

கந்தர்வக்கோட்டைக்கு அப்பால், முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருந்த இந்த வீட்டில் அவனால் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. கிணறு, போர், சோலார், எட்டடி மதில். சாமான் அறையில் வருஷ அரிசி கொள்கிற டிரம்கள் வேறு.

"என் மனசுல இருந்ததை அப்படியே கட்டி வெச்சிருக்கீங்க சார்!"

ரகுநாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அவரும் இப்படி ஒரு பட்டியலோடுதான் இந்த ஊருக்கு வந்தார். இன்றைக்கு இதை விற்றுத் தொலைத்தால் அந்தச் சத்தமும் தொலையும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை.

"கடைசி ஐட்டம் சார். அக்கம்பக்கம், பத்து மார்க். ஏதாவது ஆச்சுன்னா, சோறு வேணும்னு யாரும் வந்து நிக்க மாட்டாங்களே?"

"யாரும் வர மாட்டாங்க" என்றார்.

ஒருத்தி வந்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், கஜா புயல் அடித்த மூன்றாம் நாள். மரங்கள் சாய்ந்து, கரண்டும் பாதையும் இல்லாமல் ஊரே முடங்கிக் கிடந்தது. டிரம் டிரம்மாக அரிசி இருந்தும் ரகுநாத் அடுப்பு மூட்டவில்லை. சோற்று வாசனை எட்டினால் ஊர் திரண்டு வந்துவிடுமே என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வெறும் அவலை மென்றுகொண்டிருந்தார்.

"சார்! பிச்சையம்மா வந்திருக்கேன், தொறங்க!"

அடுத்த கொல்லைக்காரி. மூன்று முறை தட்டினாள். இவர் வாயிலிருந்த அவலைக்கூட மெல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றுபோனது.

மறுநாள் எட்டிப் பார்த்தபோது கேட் வாசலில் ஒரு தூக்குவாளி கவிழ்ந்து கிடந்தது. எடுத்தபோது கையெல்லாம் எறும்பு ஏறியது. சோறு வாங்க வந்தவள் விட்டுப்போன பாத்திரம் என்று எண்ணிக்கொண்டார். திரும்பிப் போகும் வழியில், சாய்ந்து நின்ற பலாமரம் முறிந்து விழுந்து அவள் செத்துப்போனாள் என்பது அன்று மாலைதான் காதில் விழுந்தது.

பசியோடு வந்தவள் பசியோடே போனாள். கேட்டைத் திறந்திருந்தால் அந்த நேரத்தில் அந்த மரத்தடியில் அவள் இருந்திருக்க மாட்டாள். வாளியைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. காலி டிரம் ஒன்றில் போட்டு மூடிவிட்டு, பாதை சரியானதும் திருச்சிக்குப் போனார். தட்டலும் கூடவே போனது.

"இதென்ன சார், டிரம்முக்குள்ள தூக்குவாளி?" பாலாஜி அதை வெளியே எடுத்துவிட்டான். "பேர் வெட்டியிருக்கே... பிச்சையம்மாள்."

ரகுநாத் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கார் நின்னுச்சு, சார்தான் வந்திருக்காகளோன்னு பாத்தேன். நல்லாயிருக்கீங்களா சார்?"

செல்வராணி. பிச்சையம்மாளின் மகள். ஏழு வருஷத்தில் அம்மாவின் முகமே அவளுக்கு வந்திருந்தது.

அவள் கண் பாலாஜியின் கையிலிருந்த வாளியில் நிலைத்தது. வாங்கி, வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினாள்.

"இது ஆத்தாது. இங்கிட்டா இருந்துச்சு?"

இத்தனை வருஷமாகப் பயந்த கேள்வி வந்தேவிட்டது. இனி மறைக்க முடியாது, சொல்லிவிட்டால் ஒருவேளை தூக்கமாவது வரும் என்று தோன்றியது.

"அன்னைக்கு... நான் உள்ளதாம்மா இருந்தேன்" என்றார். மேலே சொல்ல அவள் விடவில்லை.

செல்வராணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஆத்தா ஒங்களப் பாத்துட்டுத்தான் போயிருக்கு! கோயில் வாசல்ல ஊரே ஒண்ணா ஒல வெச்சிருந்தோம் சார். மூணு நாளா சார் வீட்டுல பொகையவே காணோம், ஒத்தையில என்ன செய்றாரோன்னு ஆத்தா பொலம்பிக்கிட்டே கெடந்துச்சு. வழியில மரம் விழுந்திருச்சே, வந்த காரியம் முடிஞ்சுச்சா இல்லையான்னு ஏழு வருசமா எங்களுக்குத் தெரியல."

அக்கம்பக்கம் என்ற வரிக்கு எதிரே பாலாஜியின் பேனா அப்படியே நின்றது. செல்வராணி வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஆசையாகக் கேட்டாள்.

"ஆத்தா கொண்டாந்த கஞ்சி சூடா இருந்துச்சா சார்?"