கெட்டி முனை ஷூ

"இதைக் கொண்டுபோய்க் கஞ்சி காய்ச்ச மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

தைசியா சத்தியம் செய்தாள். தியேட்டரின் உடை அறைக்குப் பொறுப்பாளரான லூகிச் அதை நம்புவதாக இல்லை.

"போன வாரம் ஒருத்தி அம்மா மேல சத்தியம்னு சொல்லி வாங்கிட்டுப் போனா. மறுநாள் விசாரிச்சா, அந்த அம்மாவும் கூட உட்கார்ந்து குடிச்சிருக்கு."

பாலே ஷூவின் முனை கெட்டியாக நிற்பது மாவுப் பசையால்தான். சாக்குத் துணியைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தால், விரல் நுனியில் நிற்கும் பெண்ணை அது தாங்கும். ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்து மூன்று மாதம் ஆனதில், அந்தப் பசையின் இன்னொரு பயனும் ஊருக்கே தெரிந்துவிட்டது. வெந்நீரில் ஊறப்போட்டால் கரையும். ருசி சகிக்காது, ஆனால் வயிற்றுக்குள் போகும். செப்டம்பரில் அலமாரியில் நாற்பது ஜோடி இருந்தன. இது டிசம்பர். மிச்சம் ஒரே ஒரு ஜோடி.

"ஞாயித்துக்கிழமை பட்டாளத்துக்காரங்களுக்கு ஆட்டம், மாமா. நல்லா ஆடினா டைரக்டர் என்னைச் சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். சேர்ந்துட்டா தொழிலாளி அட்டை. ஒரு நாளைக்கு இருநூத்தம்பது கிராம் ரொட்டி! இப்ப எனக்குக் கிடைக்கிறது அதுல பாதி."

"வீட்டுல யாரு?"

"தங்கச்சி மட்டும்தான். எழுந்திருக்கிறதையே விட்டுட்டா."

லூகிச் ஷூவைக் கையில் எடுத்தார். கொடுக்கவில்லை.

"இதுல எது இடது கால்?"

"என்னையே சோதிக்கிறீங்களா? பாலே ஷூல இடதும் கிடையாது, வலதும் கிடையாது. போடப் போடத்தான் கால் பழக்கும்."

"சரி, ரிப்பன் தைச்சுத் தரட்டுமா?"

"அடுத்தவங்க தைச்ச ரிப்பனைக் கட்டிக்கிட்டு மேடை ஏற எனக்கென்ன பைத்தியமா? என் ரிப்பனை நான்தான் தைப்பேன்."

லூகிச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் ஆட்டக்காரிதான், சந்தேகமில்லை. ஆட்டக்காரிக்கும் பசிக்குமே என்பதுதான் அவருடைய கவலை.

"கேட்டுக்கோ. ஆட்டம் முடிஞ்ச கையோட ஷூ எங்கிட்ட வந்துடணும். அஞ்சு நிமிஷம்கூட வச்சிருக்கக் கூடாது. இது தியேட்டர் சொத்து."

"வந்துடும்."

"ரெண்டும் வரணும்."

"ஒத்தைக் கால்ல நின்னு ஆட நான் என்ன கொக்கா?"

ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த மூன்று கோட்டுக்கும் உள்ளே ஷூவைச் செருகிக்கொண்டு அவள் போனாள். அன்றைக்கு வியாழக்கிழமை.

ஞாயிறு மதியம் அரங்கு நிரம்பிவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். கழற்றினால் காது விறைத்துவிடும். மேடையிலும் அதே குளிர்தான். ஆடுகிறவர்கள் மட்டும் தோள் தெரியும் மெல்லிய உடுப்பில் நின்றார்கள். உள்ளே கம்பளி எதுவும் கூடாது, போருக்கு முன் ஆடிய அதே உடுப்பில்தான் மேடைக்கு வரவேண்டும் என்பது டைரக்டரின் உத்தரவு.

லூகிச் ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். யார் ஆடினாலும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். தைசியா எழும்பி விரல் நுனியில் நின்றாள். சுழன்றாள். முழுசாகப் பன்னிரண்டு நிமிஷம். ஒரு தடவைகூடக் கால் தள்ளாடவில்லை. முனை நன்றாகத்தான் தாங்கியது.

லூகிச்சுக்கு வெட்கமாக இருந்தது. தங்கை படுக்கையில் கிடக்கும்போதும் இந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கைதட்டல் கேட்டது. கையுறை போட்ட கைகள், அதனால் சத்தம் பொத்தென்றுதான் வந்தது. டைரக்டர் அவளிடம் வந்து, "நாளைக்குக் காலைல வந்து அட்டை வாங்கிக்கோ" என்றார்.

தைசியா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ரிப்பனை அவிழ்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இந்தாங்க மாமா. ரெண்டும் இருக்கு, எண்ணிப் பார்த்துக்கோங்க."

"கால் வலிக்குதா?"

"ஆடி ரொம்ப நாளாச்சில்ல. சரியாயிடும்."

"தங்கச்சி எப்படி இருக்கா?"

"நேத்து எழுந்து உட்கார்ந்தா" என்றவள், அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பளி பூட்ஸுக்குள் அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

லூகிச் ஷூவைக் கோட்டுக்குள் மறைத்து உடை அறைக்குக் கொண்டுவந்தார். கதவைத் தாழிட்டார். கட்டைவிரலால் முனையை அழுத்தினார்.

அமுங்கியது.

இன்னொன்றையும் அழுத்தினார். அதுவும் அமுங்கியது. உள்ளே கந்தல் திணித்திருந்தது. இழுத்துப் பார்த்தார். கந்தலெல்லாம் ரத்தம். சாக்குத் துணி அலசிக் காயவைத்தது போல் வெறுமையாக இருந்தது. பசை துளிகூட இல்லை. பன்னிரண்டு நிமிஷமும் அவளைத் தாங்கியது அவளுடைய பத்து விரல்கள்தான்.

லூகிச் கதவைத் திறந்து அவளைக் கூப்பிடவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்வது? ஆட்டம் முடிந்து ஷூ கைக்கு வந்ததும் அதைப் போட்டுக் காய்ச்சலாம் என்று அவர் அடுப்பில் ஏற்றிவைத்துவிட்டுப் போன சட்டியில், தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.