அரைக் கிண்ணம்

"பல்லு தேய்ச்சீங்களா, இல்ல தண்ணிய மட்டும் காட்டிட்டு வந்தீங்களா?"

கேட்டவள் எட்டு வயது பெர்மெத். கேள்வி அவளுடைய அம்மாவுடையது.

"தேய்ச்சேன்," என்றான் அவள் அப்பா எர்மெக். தினமும் சொல்லும் பதில்.

அடுப்பில் சாம்பலை வாரினான். நிலக்கரி போட்டான். கதவடியில் சேர்ந்திருந்த பனியைத் தள்ளினான். அதற்குள் பெர்மெத் போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளை மேசை விரிப்பில் வட்டமாக அடுக்கியிருந்தாள். வட்டம் மூடும்வரை யாரும் சாப்பிட முடியாது. ஒரு துண்டு குறைந்தது. பயணப் பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வட்டம் மூடியது. பிறகு தேநீர்.

பெர்மெத் தானாக வாக்கியம் கட்டமாட்டாள். எப்போதோ கேட்டதை, கேட்ட குரலிலேயே, இருமல் உட்படத் திருப்பிச் சொல்வாள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஆட்டிசம் என்று நாரின் நகரத்து டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அம்மா மீரிம் அழுதாள். வீடு வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போகட்டும், நம்ம சண்டையெல்லாம் இவகிட்ட பத்திரமா இருக்கும்," என்றாள்.

போன வருடம் இலை உதிரும் நேரத்தில் மீரிம் இறந்தாள். நுரையீரல். எர்மெக் அப்போது மாஸ்கோவில் ஏதோ ஒரு மாடியில் சுவர் பூசிக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் இறந்தவரைக் கிடத்தும் கூடாரம் எழுப்பியிருந்தார்கள். அவள் அதற்குள் இருந்தாள்.

இப்போது வீட்டில் அவள் குரல் மட்டும் புழங்கியது. எர்மெக் அதற்குப் பதில் சொல்வான். அந்தக் குரல் பதிலுக்குக் காத்திருக்காது. பெர்மெத் அவன் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. தான் இல்லாமல் போனால் அவளுக்குத் தெரியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கதவைத் தட்டாமல் சபிரா நுழைந்தாள். எர்மெக்கின் அக்கா. மீரிமின் கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள்.

"வாங்கக்கா. பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் துடைச்சேன்," என்றாள் பெர்மெத், மீரிமின் குரலில்.

சபிராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அல்லாவே! இந்தக் குரலைக் கேட்டா எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்குது." பூட்ஸைக் கழற்றினாள். "இன்னும் சாப்பிட்டு முடியலையாடா? டிரைவர் வெளியில நிக்கிறான். மூஞ்சியப் பார்த்தா அவன் பொண்டாட்டியை நாம கடத்திட்டு வந்த மாதிரி இருக்கு. புள்ளையோட பை எங்க?"

"கதவுகிட்ட."

இரண்டு பைகள் இருந்தன. பெரியது மாஸ்கோவுக்கு. சின்னது தலைநகர் பிஷ்கேக்கில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கு. பெர்மெத்தை அங்கே விட்டுவிட்டு அவன் விமானம் ஏற வேண்டும்.

"உட்காருக்கா. டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

பெர்மெத் ஊற்றினாள். அப்பாவின் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம். அத்தையின் கிண்ணத்தில் விளிம்பு வரை.

"பாத்தியா இவளை! உனக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி உபசாரம், எனக்கு மட்டும் நிறைச்சு வெச்சு 'குடிச்சிட்டு எழுந்து போ'வா? சம்பந்தி வீட்டுல இப்படி நிறைச்சு நீட்டினா அன்னைக்கே கல்யாணம் நின்னுடும்."

"அவளுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீயும் நானும் என்ன கத்துக்குடுத்துட முடியும்? அங்க டீச்சருங்க இருக்காங்க." சபிரா குரலைத் தாழ்த்தினாள். "மூஞ்சிய அப்படி வெச்சுக்காதடா. இது என் ஆசையா? மீரிம் கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா? 'புள்ளைய விடுதியில சேர்த்துடுங்கக்கா, அவர் வேலைக்குப் போகட்டும், என்னையே நினைச்சு வீணாப்போக வேணாம்'னுதானே சொன்னா?"

"ம்."

அந்த வார்த்தைக்காகத்தான் அவன் டிக்கெட் வாங்கியிருந்தான். மீரிம் கேட்டு அவன் செய்யக்கூடியது வேறு எதுவும் மிச்சமில்லை.

வெளியே ஹாரன் அடித்தது.

எர்மெக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். பெர்மெத் கொஞ்சம் ஊற்றினாள். குடித்தான். மறுபடி கொஞ்சம்.

"நிறைச்சு ஊத்தும்மா. நேரமாச்சு."

மறுபடி கொஞ்சம்தான்.

"இங்க குடு அந்தக் கெட்டிலை." சபிரா பிடுங்கினாள். "இவ ஊத்துற வேகத்துக்கு பிளேன் றெக்கையை மடக்கிக்கிட்டு உனக்காக உட்கார்ந்திருக்குமா?"

எர்மெக்கின் கிண்ணத்தில் சாய்த்தாள். தேநீர் மளமளவென்று விளிம்புக்கு ஏறியது.

பெர்மெத் காதுகளைப் பொத்திக்கொண்டாள். முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். பிறகு இருமினாள். நீளமான, வறண்ட இருமல். குழந்தையின் இருமல் அல்ல.

சபிராவின் கை அப்படியே நின்றது.

"சபிரா அக்கா…" என்றாள் பெர்மெத். மீரிமின் குரல். ஆனால் எர்மெக் ஒருபோதும் கேட்டிராத அளவுக்கு மெலிந்த குரல்.

"வேணாம்டி கண்ணு." சபிராவின் முகம் வெளுத்துவிட்டது. "அது வேணாம். அதைச் சொல்லாத."

பெர்மெத்துக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, கேட்டதைக் கேட்டபடியே சொல்லி முடித்தாள்:

"சபிரா அக்கா… அவர் வந்தா… அரைக் கிண்ணம்தான் ஊத்தணும்… நிறைச்சுடாதீங்க… இவளை விட்டுட்டு எழுந்து போயிடுவார்."