கோர்ட்டு வராந்தாவில் சனிக்கிழமை

தீர்ப்பு வந்த மறுநாளே சாக்கோச்சன் கோட்டயத்திலுள்ள தன் வக்கீலிடம் ஓடினான்.

"சாரே, அப்பீல் போடணும்!"

"எதுக்குடோ? மகள் அம்மாகிட்ட இருந்தாலும் சனி, ஞாயிறு உனக்குத்தானே? இவ்வளவு நாளா சனிக்கிழமையானா கோர்ட்டு வராந்தாவுல நின்னு பீனாகிட்டயிருந்து பிள்ளையை வாங்கிட்டுப் போன. இனி அவ அண்ணனே உன் வீட்டுல கொண்டாந்து விடுவான்."

"அதைத்தான் மாத்தணும். அந்த வராந்தாவே போதும்."

"வட்டா, பைத்தியமா உனக்கு? உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமத்தானே பீனா விவாகரத்து வாங்கினா? விடுவாளா?"

சாக்கோச்சன் தலையைச் சொறிந்தான். அவனை அனுப்பிவைக்க வக்கீல் கதவைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில் பழம்பொரி பஜ்ஜியைப் பிய்த்து, பெரிய பாதியை அவனுக்காக எடுத்துவைத்துக்கொண்டிருந்த பீனா நிமிர்ந்தாள்.

"சாரே, இந்த அப்பீலை எத்தனை வருஷம் இழுக்கலாம்?"