மூச்சு மட்டும் விட்ட ஆமை

ஹாம் ரேடியோ பரீட்சையில் தேறி லைசென்ஸும் வாங்கிவிட்டது ஓர் ஆமை. அணிலைக் கெஞ்சிப் புளியமரத்து உச்சியில் ஆன்டெனா கம்பியும் கட்டியாயிற்று. ஆனால் சாயங்காலம் மைக்கின் பொத்தானை அழுத்தியதும் அதன் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. மறுநாளும் அப்படியே.

"முன்பின் தெரியாதவர்களிடம் என்னத்தைப் பேசுவது?" என்று ஒரு மாதம் தவித்துவிட்டு, ரேடியோவையே அணைத்து மூலையில் வைத்தது.

நாலாம் நாள், கம்பியை அவிழ்க்க அணிலைக் கூப்பிடுமுன், கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ரேடியோவைப் போட்டது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முள்ளெலி பேசிக்கொண்டிருந்தது.

"தினமும் ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தி, மூச்சு மட்டும் விட்டுட்டுப் போவீங்களே, உங்களைத்தாங்க கூப்பிடுறேன். மூணு நாளா உங்க மூச்சைக் காணோம். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ஆமை மைக்கை எடுத்தது. பொத்தானை அழுத்தியது.

"நல்லா இருக்கேங்க. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்."

"அதனாலென்ன! மெதுவாப் பேசுங்க," என்றது முள்ளெலி. "நான் எங்கேயும் போகல."

அன்று ஆமை பேசி முடிப்பதற்குள் முள்ளெலியின் காபி ஆறிப்போயிற்று.