கிளிக்கூடு தாண்டி ஒரு மேடு

மேட்டில் ஏறும்போது கோதைநாயகியின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது.

பெடல் வெறுமனே சுற்றியது. அவள் காலை ஊன்றி இறங்கி நின்றாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மதுசூதன் திரும்பிப் பார்த்தான். அவள் நிற்கும் இடத்தைக் கண்டதும் அவன் முகம் மாறியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேகமாக வந்தான்.

கிளிக்கூடு கிராமம் தாண்டி, கல்லணைக்குப் போகிற ரோடு கொஞ்சம் மேடேறி வளையும் இடம் அது. ஒரு பக்கம் வாழைத்தோப்பு. மறுபக்கம் காவிரி. தண்ணீர்மேல் இன்னும் வெயில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் சைக்கிள் குழுவுக்கு மதுசூதன்தான் பொறுப்பு. கோதைநாயகி அந்தக் குழுவில் இல்லை. அவளுடைய ஒரே மகள் ஜாஹ்னவி இருந்தாள். போன மாசியில், இதே ரோட்டில், லாரி மோதி இறந்துபோனாள்.

ஜாஹ்னவி ஒவ்வொரு வாரமும் திரும்பி வந்து போட்டோ காட்டுவாள். நீயும் ஒரு தரம் வாயேன் அம்மா, வழியெல்லாம் ஆறு கூடவே வரும் என்பாள். தபால் ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கோதைநாயகி தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள்.

இன்றைக்கு மகளின் சைக்கிளில், மகளின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சீட்டை மட்டும் மதுசூதன் இறக்கிக் கொடுத்திருந்தான். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டியதைக் கால்கள் மறக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். அடிபட்டது எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். மகளுக்குப் பிடித்த ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

திருவானைக்காவல் தாண்டும்வரை பயந்து பயந்துதான் மிதித்தாள். உத்தமர்சீலிக்குப் பக்கத்தில் தோப்பு விலகி ஆறு முழுசாகத் தெரிந்தபோது அவளையறியாமல் சிரித்துவிட்டாள். மதுசூதன் அதைப் பார்த்தான். கூட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

வழியெல்லாம் அவன் எதையாவது பேசிக்கொண்டே வந்தான். இந்த மேட்டில் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அழுத்தி மிதித்தான்.

அந்த இடத்தில்தான் செயின் கழன்றிருந்தது.

அவன் குந்தி உட்கார்ந்து செயினை மாட்டப் பார்த்தான். செயின் பல்லில் உட்காராமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

தோப்போரத்து வீட்டிலிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அழகம்மாள் என்று பெயர் சொன்னாள். பக்கத்துத் தோப்பில்தான் வேலை, இன்றைக்கு லீவு என்றாள். கோதைநாயகி அண்ணாந்து குடித்தாள்.

இந்த வயதில் இப்படிக் காற்றாட வருவது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் லாரிக்காரர்களை நம்ப முடியாது, பார்த்துப் போங்கள் என்றாள் அழகம்மாள். இந்த மேட்டிலேயே ஒரு பெண் அடிபட்டது. இதே மாதிரி சைக்கிள்தான்.

"மாட்டியாச்சு மாமி. கிளம்பலாம்," என்றான் மதுசூதன்.

செயின் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கோதைநாயகி நகரவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அடிபட்ட உடனே போய்விட்டாள், வலியே தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் மதுசூதன் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை மாதமும் எழுந்து, குளித்து, சமைத்து, ஆபீஸ் போய்வந்தாள்.

அன்று மேட்டில் ஜாஹ்னவி பின்தங்கிவிட்டாள். மற்றவர்கள் வெகுதூரம் முன்னே போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, ஆம்புலன்ஸும் போயிருந்தது. மதுசூதன் தான் பார்க்காததைத்தான் சொன்னான்.

உடனே உயிர் போய்விட்டதா என்று கோதைநாயகி கேட்டாள். யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அழகம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். ரொம்ப நேரம் நினைவு இருந்தது என்றாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு இங்கேயே, இந்த ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அந்தப் பெண்ணின் போன் சக்கரத்தில் மாட்டி நொறுங்கிக் கிடந்ததாம்.

அழகம்மாளின் குரல் இறங்கியது.

"அம்மாகிட்ட பேசணும்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க. வேற யாரும் சொன்னா அம்மா பயந்துருவாங்க, நானே பேசுறேன்னுச்சு. நம்பர் சொன்னுச்சு. என் போன்லேருந்து ரெண்டு தடவ போட்டேன். ரெண்டு தடவையும் யாரோ கட் பண்ணிட்டாங்க. பாவம், அந்த வலியில நம்பரத் தப்பா சொல்லிருச்சு போல."

மதுசூதன் மெதுவாக எழுந்து நின்றான். இது அவனுக்கும் புதிது.

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மேடேறி வந்தது. மூவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். ஜன்னலில் ஒரு பெண் தூங்கிக்கொண்டு போனாள். சத்தம் வளைவு தாண்டி அடங்கியது.

கோதைநாயகி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்போதுதான் அழகம்மாள் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"தப்பா சொல்லலைங்க," என்றாள் கோதைநாயகி. "அது என் நம்பர்தான்."