உள்ளே இருந்த தமிழ்

ஒரு கடையின் இணையதளம் அன்றைக்கு ஜப்பானிய மொழியில் திறந்துகொண்டது. தங்கையின் பச்சைக் குழந்தைக்குக் கொசுவலை வாங்க வந்த பரிமளம் திருதிருவென்று விழித்தாள்.

மொழி மாற்றும் பட்டனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “மொழியை மாத்த என்னை அழுத்துங்கம்மா!” என்று ஜப்பானிய மொழியில் கூவியது. அவள் விரல் அதைத் தாண்டிப் போனது. பட்டன் தன் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மறுபடியும் கூவியது.

பக்கத்தில் இருந்த கூடைப் படம் கேட்டது: “அவங்களுக்குத்தான் புரியலையே, ஏன் கத்துறே?”

“புரியலைன்னுதானே கத்துறேன்!”

“உன்கிட்ட தமிழ் இல்லையா?”

“இருக்கே. உள்ளே பதினேழாவது வரியில இருக்கு. என்னை அழுத்தினா காட்டுவேன்.”

“உன்னை அழுத்தணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

இவ்வளவு நேரமும் உதவி செய்துகொண்டிருப்பதாகவே பட்டன் நினைத்திருந்தது.

பரிமளம் சலித்துப்போய்ப் பக்கத்தை மூடப் போனாள். பட்டன் அவசர அவசரமாகத் தன் நெற்றியில் இருந்த எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு, உள்ளே கிடந்த அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து வெளியே வைத்தது: தமிழ்.

அவள் விரல் நின்றது.

“அட, நீ இங்கேயா இருக்கே!” என்றாள், வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரியைப் பார்த்துவிட்டவள் போல.