பல்லியைக் காட்டிக்கொடுத்தவர்

பாறை இடுக்குகள் காலியாகக் கிடந்தன. அந்த மொராக்கோ மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பல்லி இனத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"எவ்வளவு வாங்கிட்டுடா இடத்தைச் சொன்னே?" ஆடு மேய்க்கும் உகாதின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள் ஆராய்ச்சிக்காரி இத்தோ.

"அல்லா மேல சத்தியமா, நான் வாயே திறக்கல டாக்டரம்மா."

பல்லிகளை நேற்றே விற்றுத் தீர்த்த திருடன் அடிவாரத்தில் பிடிபட்டிருந்தான். உகாதைத் தரதரவென்று அங்கே இழுத்துப் போனாள்.

"இடத்தைக் காட்டிக்கொடுத்தது இவன்தானே?"

"இவரு யாருன்னே தெரியாது." திருடன் கைப்பேசியை நீட்டினான். போன மாதம் வெளியான அவளுடைய ஆய்வுக் கட்டுரை, வரைபடத்தோடு.

"ஒரு பாறை விடாம குறிச்சிருக்கீங்க டாக்டர். தேடுற வேலையே இல்ல."

இத்தோவின் கை இன்னும் உகாதின் சட்டையில்தான் இருந்தது.